அந்தக் கறுப்புக் கல்

நித்யா: பெரியம்மா, நீங்கள் கொடுத்த ‘ஹோம்கோயிங்’ நேற்று ராத்திரி முடித்தேன். 13 அத்தியாயம் ஆளையே உலுக்கிவிட்டது. 14ஆவதில் மட்டும் மனசு ஒட்டவே இல்லை.

பெரியம்மா: ஏன் கண்ணு? எனக்கு அழுகையே வந்தது.

கார்த்தி: என்ன கதை அக்கா? முடிவைச் சொன்னாலும் பரவாயில்லை.

நித்யா: கானா நாட்டுக் கதைடா, 18ஆம் நூற்றாண்டில் ஆரம்பம். எஃபியா, எசி என்று இரண்டு பெண்கள்; ஒரே தாய், அப்பா வேறு வேறு. எஃபியாவை கேப் கோஸ்ட் கோட்டையின் ஆங்கிலேய ஆளுநருக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அதே கோட்டை நிலவறையில் எசியை அடிமையாக அடைத்திருக்கிறார்கள். அக்கா மேலே, தங்கை கீழே. ஒருத்தியை ஒருத்தி தெரியாது. அப்புறம் ஒரு கிளை கானாவில், இன்னொன்று அமெரிக்காவில். 7 தலைமுறை, ஆளுக்கு ஒரே அத்தியாயம்.

சித்தி: எச் என்று ஒருவன் வருவானே! வெள்ளைக்காரியைப் பார்த்தான் என்று பிடித்து, அபராதம் கட்ட முடியாதவனை அலபாமா நிலக்கரிச் சுரங்கத்தில் தள்ளுவார்கள். அமெரிக்காவில் அடிமை முறை 1865இலேயே ஒழிந்தாயிற்று, அப்புறமும் இந்தக் கொடுமை.

நித்யா: ஆமாம் சித்தி. பக்கத்தில் இருப்பவனுக்கு முடியாமல் போனதும் அவன் ஷவலையும் வாங்கி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக் கரி வாருவான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இப்படி எழுதத் தெரிந்தவர் கடைசியில் எஃபியா வம்சத்து மார்ஜரியையும் எசி வம்சத்து மார்கஸையும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தற்செயலாகச் சந்திக்க வைக்கலாமா? அவளுக்கு நெருப்பு பயம், அவனுக்குத் தண்ணீர் பயம். இரண்டும் ஒரே கடற்கரையில் தீர்ந்துவிடுகிறது.

பெரியம்மா: சொந்தம் என்று அவர்களுக்கே தெரியாதேம்மா, நமக்குத்தானே தெரியும். இதை எழுதிய யா ஜெஸி கானாவில் பிறந்து அலபாமாவில் வளர்ந்தவள். 2009இல் அந்தக் கோட்டையைப் பார்த்த பிறகுதான் இந்த நாவலே உருவானது. அந்தச் சந்திப்பு அவளுக்கே தேவைப்பட்டிருக்கும். பிரிந்த ரத்தம் அப்படியாவது சேரட்டுமே.

நித்யா: சேரட்டும் பெரியம்மா, நானும் அதற்குத்தான் ஏங்கினேன். ஆனால் அந்தக் கல்? தாய் ஆளுக்கொரு கறுப்புக் கல் விட்டுப்போனாள். எசி தன்னுடையதை நிலவறை மண்ணில் புதைத்தாள். எடுக்க விடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. மார்கஸ் அதே கோட்டை நிலவறையில் திணறிப்போய் வெளியே ஓடுகிறான். அந்த இடத்திலேயே முடித்திருக்கலாம். மார்ஜரி தன் கல்லைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டதும், தொலைந்தது திரும்பக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கிடைக்கவே இல்லையே!

பெரியம்மா: எசியின் கல் கீழேயே கிடப்பதை நான் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது புத்தகத்தைக் கொண்டுவா, கடைசி அத்தியாயத்தை மறுபடி படிக்கிறேன்.

கார்த்தி: அப்புறம் எனக்கு.

நித்யா: சரிடா. முன்னால் வம்சாவளிப் படம் இருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே படி.