ஒரே வாளி, ஆளுக்கொரு கிராவிட்டி: எதை நம்புவது?

நங்கநல்லூர்வாசி:
போன மாதம் மெல்போர்னில் தம்பி வீட்டில் இருந்தபோது இருவருமாகச் சேர்ந்து பீர் போட்டோம். (நம்ம ஊரில் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சக் கூடாது. அங்கே சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை.) 1.7 கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த கெட்டிப் பாகு) டின் ஒன்று, டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) ஒரு கிலோ. மூன்று லிட்டர் வெந்நீரில் கரைத்து, குழாய்த் தண்ணீர் விட்டு 23 லிட்டராக்கினோம். எக்ஸ்ட்ராக்ட் இருக்கிறதே, அதிரசப் பாகு தோற்றது. டின்னை வழித்தே கை ஓய்ந்தது.

கணக்குப்படி கிராவிட்டி (தண்ணீரை 1.000 என்று வைத்தால் கரைசலின் அடர்த்தி; சர்க்கரை கூடக் கூட ஏறும்) 1.038 வர வேண்டும். ஹைட்ரோமீட்டரை (மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தோம். வாளியின் அடிக்குழாயைத் திறந்து நான் பிடித்ததில் 1.049. தம்பி மேலேயிருந்து கரண்டியால் மொண்டதில் 1.030. கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட்டோம்.

நான் சென்னைக்கு வந்தாயிற்று. பன்னிரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரை அளக்கும் கருவி) 5.5 பிரிக்ஸ் (சர்க்கரை சதவீத அளவு), அதாவது 1.021-க்கும் மேல். ஹைட்ரோமீட்டரில் 1.017. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றிருந்தால் எண் இன்னும் இறங்கியிருக்க வேண்டும், ஈஸ்ட் செத்துப்போச்சு, இன்னொரு பாக்கெட் போடப்போகிறேன் என்கிறான். எனக்குத் தெரிந்த கிராவிட்டி எல்லாம் இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஆள் வந்து பார்ப்பதுதான். என்ன சொல்லட்டும்?

பழைய ஆலைக்காரன்:
சர்க்கரை ஆலை லேபில் பிரிக்ஸ் பார்த்தே தலை நரைத்தவன் நான். முதல் சண்டையில் இருவரும் சரி, கலக்கியதுதான் போதவில்லை. கெட்டியான கரைசல் அடியில் தங்கும், ஊற்றிய தண்ணீர் மேலே நிற்கும்.

தானியத்தை ஊறவைத்துக் காய்ச்சுகிறவர்களுக்குத்தான் எவ்வளவு சர்க்கரை இறங்கியது என்ற சந்தேகம். உங்களுக்கு எல்லாம் டின்னுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கிலோ எக்ஸ்ட்ராக்ட் ஒரு லிட்டருக்குச் சுமார் 300 புள்ளி (1.038 என்றால் 38 புள்ளி), டெக்ஸ்ட்ரோஸ் சுமார் 360. 510-ம் 360-ம் சேர்ந்து 870, அதை 23-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 38. டின்னைச் சுத்தமாக வழித்து, தண்ணீரும் சரியாக 23 லிட்டர் என்றால் 1.038 என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஈஸ்ட் வேலை செய்யத் தொடங்கினால் அதுவே கலக்கிவிடும்.

அப்புறம், 20 டிகிரி தண்ணீரில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு 1.000 காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் காகித அளவு நழுவியிருக்கலாம். இந்தச் சோதனையை நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள். 20 டிகிரிக்கு அளவிட்ட கருவி 30 டிகிரி தண்ணீரில் 0.997 பக்கம் காட்டும், நல்ல கருவியைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள்.

லண்டன் ரிட்டர்ன்:
ஈஸ்ட் வாங்க வேண்டாம் சார். ஆல்கஹால் கலந்த பிறகு ரிஃப்ராக்டோமீட்டர் சொல்வதை அப்படியே எடுக்கக் கூடாது. ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும், கருவி அதையும் சர்க்கரை என்று எண்ணிக்கொள்ளும். 1.038-ல் தொடங்கி இப்போது 5.5 பிரிக்ஸ் என்றால், திருத்தக் கணக்கில் 1.011 பக்கம் வரும். நானும் இதே பயத்தில் இரண்டு பாக்கெட் ஈஸ்ட் வீணாக்கியவன்தான்.

ஹைட்ரோமீட்டரிலும் ஒரு வில்லங்கம். காஸ் குமிழ்கள் தண்டில் ஒட்டிக் கருவியைத் தூக்கும், எண் கூடுதலாகத் தெரியும். மாதிரியை இரண்டு டம்ளரில் காபி ஆற்றுவதுபோல் நன்றாக ஆற்றச் சொல்லுங்கள். ஆற்றியதை மறுபடி வாளியில் ஊற்ற வேண்டாம், குடித்துவிடலாம். இரண்டு மூன்று நாள் எண் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்.

நங்கநல்லூர்வாசி:
நேற்று வீடியோ காலில் உட்கார்ந்து பார்த்தோம். ஆற்றுவதற்கு முன் 1.017. பத்துப் பன்னிரண்டு தடவை ஆற்றி, தண்டைச் சுழற்றிவிட்டுப் பார்த்தால் 1.013. 20 டிகிரி தண்ணீரில் போட்டால் 1.002, ஆலைக்காரர் சொன்னபடி காகிதம் நழுவித்தான் இருக்கிறது. கழித்தால் 1.011. லண்டன் ரிட்டர்ன் சொன்ன எண்ணேதான். ஆல்கஹால் மூன்றரை சதவீதம் பக்கம் வருகிறது.

பழைய ஆலைக்காரன்:
அப்படியானால் அந்த 1.049, 1.030 இரண்டிலும்கூட இரண்டிரண்டு புள்ளி கழியுங்கள்.

நங்கநல்லூர்வாசி:
கழித்தேன் சார். மூன்று நாளாக எண் அசையவில்லை, சனிக்கிழமை அடைக்கிறான். ஆற்றும்போது பாதி மேசையில் கொட்டிவிட்டது. அடுத்த முறை வரும்போது அம்மாவின் பித்தளை டவரா செட்டைக் கொண்டுவரச் சொல்கிறான். எதற்கென்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.