சோளகர் பெரியவர்களின் தீ அறிவைப் பாடமாக்க வழிகாட்டுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் வனவியல் மாணவர்களுக்கு நில மேலாண்மை கற்பிக்கிறேன். கோடையின் தொடக்கத்தில் சருகுகளுக்கு மெல்லிய தீயிட்டு வந்த கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர் பழங்குடியினர், 1974-இல் அங்கே சரணாலயம் அமைந்த பின்னர் அவ்வழக்கம் தடைபட்டதால்தான் உண்ணிச்செடி (லாண்டனா என்னும் அயல் களைச்செடி) காட்டை மூடியது என்கிறார்கள். ஆய்வாளர்களும் இக்கருத்தைக் களத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நெல்லிக் கிளையைப் பற்றியிருந்த புல்லுருவியைத் தொட்டுக் காட்டி, "இது உப்பிலு, தீ நின்றதும் பெருகிவிட்டது" என்று ஒரு பெரியவர் சொன்னபோது, என் மாணவர்கள் அதன் தாவரவியல் பெயரை மட்டுமே அறிந்திருந்தார்கள். இத்தகைய பெரியவர்களை வெறும் தகவலாளர்களாக அல்லாமல், ஊதியம் பெறும் ஆசிரியர்களாகவே வகுப்புக்கு அழைக்க விரும்புகிறேன். அவர்களது அறிவைப் பதிவுசெய்யுமுன் ஊராரின் ஒப்புதலை எவ்வாறு பெறுவது, களத்தில் கற்றதை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் அனுபவமுள்ளோர், குறிப்பாகச் சோளகர்கள் வாழும் ஈரோடு மாவட்டத் தாளவாடி மலைப்பகுதியில் பணியாற்றியோர், வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.