அரீனா பார்க் 1984: அது நம்ம தேர்தலா, இல்லையா?

யூனிட்டுக்காரன்:
தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம்ம இந்திய வம்சாவளி மக்கள் வாழும் சாட்ஸ்வர்த் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரீனா பார்க் என்று இங்கே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. வெள்ளையர், கலர்ட் (கலப்பின) மக்கள், இந்தியர் என்று ஆளுக்கொரு சபையாக மூன்று சபை நாடாளுமன்றம் வந்த 1984ல் பிறந்து, 1994ல் தொகுதி இல்லாமல் கட்சிப் பட்டியலுக்கு ஓட்டுப் போடும் முறை வந்ததும் மறைந்துபோனது. நம்ம அரசியல்வாதி அமிச்சந்த் ராஜ்பன்சி அங்கிருந்துதான் கேப் டவுன் நாடாளுமன்றத்துக்குப் போனார். 'நம் தேர்தல் வரலாறு' என்று தலைப்புப் போட்டு வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். நான் அப்படி என்ன தப்பாக எழுதிவிட்டேன்?

கிளேர்வுட் மாமா:
தலைப்பில் இருக்கும் 'நம்' தான் தப்பு, தம்பி. வெள்ளையருக்கு 178 இடம், கலர்ட் மக்களுக்கு 85, நமக்கு 45. அந்த 45லும் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தது 40 பேர்தான். நாட்டில் பெரும்பான்மையான கறுப்பு மக்களுக்கு ஒன்றுமே இல்லை. இந்தப் பங்கு பிரிப்புக்குப் பேர் சீர்திருத்தம்! 1984 ஆகஸ்ட் 28 அன்று, பதிவு செய்திருந்த நம்மவரில் ஐந்தில் ஒருவர்தான் சாவடிப் பக்கம் போனார்.

நான் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்ன நேட்டால் இந்தியன் காங்கிரஸ் பையன்களோடு ராத்திரி போஸ்டர் ஒட்டினவன். பசைக்குக் காசு ஏது? எங்க ஆயா ரொட்டிக்கு வைத்திருந்த மாவைத் தண்ணீரில் கரைத்து, பெயின்ட் டப்பாவில் காய்ச்சினோம். விடிகிற நேரத்தில் கையெல்லாம் காய்ந்து தோல் மாதிரி உரியும். ரொட்டி இல்லையே என்று ஆயா ஒரு வாரம் திட்டினார். அது என் தேர்தல் வரலாறு.

மருதாயி பேத்தி:
மாமா, பசைக் கதை நல்லா இருக்கு. ஆனா வராத எல்லோரையும் உங்க கணக்கில் சேர்த்துக்கொள்ளாதீங்க. கொள்கைக்காக நின்றவர்கள் இருந்தாங்க, வம்பு வேண்டாம் என்று கதவைச் சாத்தினவர்களும் இருந்தாங்க.

இன்னொன்று. ஜொஹானஸ்பர்க் ஹவுட்டன் தொகுதியும் இப்போ இல்லை. அங்கிருந்து, வெள்ளையர் மட்டுமே இருந்த நாடாளுமன்றத்தில் இன ஒதுக்கலை எதிர்த்த ஹெலன் சுஸ்மன் 1961 முதல் 1974 வரை தன் கட்சிக்கு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். அந்தச் சபையில் கறுப்பர் ஓட்டு இருந்ததா? நம்ம ஓட்டு இருந்ததா? அவர் உள்ளே போனால் வீரம், நம்மவர் போனால் துரோகமா?

கிளேர்வுட் மாமா:
சுஸ்மன் 1961ல் 564 ஓட்டில்தான் தப்பினார், தெரியும். அவர் நின்றது நிஜமாகவே நாட்டை ஆண்ட சபை. நமக்குக் கொடுத்தது பொம்மைச் சபை. 1986ஐ எடுத்துக்கோ. இரண்டு பாதுகாப்புச் சட்ட மசோதாக்களை நம்ம சபையும் ஒப்பவில்லை, கலர்ட் சபையும் ஒப்பவில்லை. என்ன ஆச்சு? ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த பிரசிடென்ட்ஸ் கவுன்சிலுக்கு அனுப்பி நிறைவேற்றிவிட்டார்கள். அதுவரைகூடக் காத்திருக்கவில்லை, ஜூன் 12 அன்றே நாடு முழுக்க எமர்ஜென்சி.

மருதாயி பேத்தி:
ஒப்பவில்லை என்று நீங்களே எழுதியிருக்கீங்க, பாருங்க! அது அரசாங்க ஏட்டில் இருக்கு. உங்க போஸ்டரை மறுநாள் போலீஸ் கிழித்துவிட்டது.

மறைக்கவும் மாட்டேன். எங்க ஆயாவுக்குக் கால் வீக்கம். ஒரு கட்சி ஆள் (எந்தக் கட்சி என்று கேட்காதீங்க) தேர்தலுக்கு முன்னாலேயே வீடு தேடி வந்து, சமையல்கட்டு மேசையில் பாரத்தை விரித்து, ஸ்பெஷல் ஓட்டு என்று எழுதி வாங்கிப் போனார். எங்க தாய்மாமாவுக்கு டீச்சர் வேலை ஆகும் என்றாராம். வேலையும் ஆகவில்லை, அந்த ஆள் திரும்ப வரவும் இல்லை. ஆனாலும் ஆயா சாகும்வரை "நானும் ஓட்டுப் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை முட்டாள் என்று எழுதச் சொல்றீங்களா?

கிளேர்வுட் மாமா:
ஆயாவைச் சொல்லவில்லை, பாப்பா. பாரத்தை நீட்டின ஆளைச் சொல்றேன்.

லெனேசியாக்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கட்டுரைக்குத் தேவைப்படும், குறித்துக்கொள்ளுங்கள்: 1984ல் ராஜ்பன்சியின் நேஷனல் பீப்பிள்ஸ் பார்ட்டி 18, ஜே.என். ரெட்டியின் சாலிடாரிட்டி 17, சுயேச்சை 4, இன்னொரு சின்னக் கட்சி 1. இந்தியர் சபை முறைகேடுகள் பற்றிய ஜேம்ஸ் கமிஷன் விசாரணை ராஜ்பன்சியைக் கடுமையாகக் குறை சொன்னது. 1989ல் சாலிடாரிட்டி முந்திக்கொண்டது. ஆள் காலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மாமாவிடம் ஒரு கேள்வி. அதே மனிதர் 1993ல் மைனாரிட்டி ஃப்ரன்ட் தொடங்கினார். எல்லோருக்கும் ஓட்டு வந்த பிறகு, யாரும் கட்டாயப்படுத்தாமல், சாட்ஸ்வர்த்தில் வார்டு வார்டாக அவர் கட்சிக்கு ஓட்டு விழுந்தது. 2011 டிசம்பரில் அவர் சாகும்வரை மாகாண சபையில் இருந்தார். புறக்கணித்த அதே ஊர்தானே இது?

கிளேர்வுட் மாமா:
இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்றேன். குழாய் உடைந்தால் யாரிடம் போவது என்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. என் சொந்தத் தங்கச்சியே அவருக்குத்தான் போட்டாள். மூன்று மாதம் அவள் வீட்டில் டீ குடிக்கவில்லை நான்.

மருதாயி பேத்தி:
அதைத்தானே நானும் சொல்றேன். இன்றைக்கு நாடாளுமன்றத்தில் 400 பேர். அரீனா பார்க்குக்கு எந்த எம்.பி. பொறுப்பு, சொல்லுங்க பார்ப்போம். 2024ல் சுயேச்சைகளும் நிற்கலாம் என்றாங்க, தொகுதி மட்டும் திரும்பி வரவில்லை.

கிளேர்வுட் மாமா:
தொகுதி வேண்டும் என்று கேள், நானும் வருகிறேன். 1984ன் தொகுதி வேண்டாம். அது, எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் கிழித்த கோட்டின் மேல் போட்ட கோடு. டர்பனில் நாம் இருந்த மேகஸின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம்மைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, கொட்டின இடத்துக்கு ஒரு எம்.பி. கொடுத்தார்கள்.

யூனிட்டுக்காரன்:
தலைப்பை 'அரீனா பார்க்: போட்டவர்களும் போடாதவர்களும்' என்று மாற்றிவிட்டேன். ஆயாவின் சமையல்கட்டு மேசையும் மாமாவின் பெயின்ட் டப்பாவும் உள்ளே வருகின்றன, பெயர் இல்லாமல்.

அப்பாவிடம் திரும்பவும் காட்டினேன். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். தேதிக்குப் பக்கத்தில் 'செவ்வாய்க்கிழமை' என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தார். எப்படி ஞாபகம் என்றேன். "வேலைக்குப் போற பஸ் ஓட்டுச்சாவடி இருந்த ஸ்கூல் வாசல்லதான் நின்னுச்சு. நான் இறங்கல."