ஆர் மொழியில் மேல் முழுமையற்ற காமா சார்பைக் கணிப்பது எப்படி?

கேள்வி:
நான் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதிவரும் ஒரு நிகழ்தகவு மாதிரியில் மேல் முழுமையற்ற காமா சார்பு, அதாவது எக்ஸ் என்ற புள்ளியிலிருந்து முடிவிலி வரை எடுக்கப்படும் காமா தொகையீடு, தேவைப்படுகிறது. அடிப்படைத் தொகுப்பில் காமா, பீட்டா, டைகாமா, பெஸ்ஸல் ஆகியவை இருந்தும் இதற்கெனத் தனிச் சார்பு எதுவும் கண்ணில் படவில்லை. இன்டக்ரேட் கட்டளையால் நேரடியாகத் தொகையிட்டால், வடிவப் பண்பளவை (காமா சார்பின் முதல் உள்ளீடு) சிறிதாக இருக்கும்வரை விடை கிடைக்கிறது. அது 200-ஐ நெருங்கும்போது கணிப்பு பிழைச்செய்தியுடன் நின்றுவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில் 1:
அந்தச் சார்பு இருக்கிறது, ஆனால் காமா பரவலின் பெயரில் இருக்கிறது. பிகாமா தருவது முழுமையற்ற காமாவை முழுக் காமாவால் வகுத்த மதிப்பே, ஆகவே லோயர்.டெயில் (கீழ்வாலா மேல்வாலா என்று சொல்லும் தெரிவு) என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்து, வரும் விடையைக் காமாவால் பெருக்கினால் நீங்கள் கேட்டது கிடைத்துவிடும். (இவை பரவல்களுக்கான உதவிப் பக்கத்தில் இருப்பதால், சிறப்புச் சார்புகளின் பக்கத்தில் தேடுபவர்களுக்கு அகப்படுவதில்லை.)

200-இல் நேரும் சிக்கலுக்குக் காரணம் வேறு. கணினி எண்களைச் சேமிக்கும் இரட்டைத் துல்லிய வடிவத்தின் உச்ச வரம்பின் இயல் மடக்கை ஏறத்தாழ 709.78, காமா 200-இன் மடக்கையோ ஏறத்தாழ 857.93. காமா 171 வரை தாங்கும், 172-இல் முடிவிலி ஆகிவிடும். எனவே எல்காமாவையும் (காமாவின் மடக்கை), லாக்.பி (விடையை மடக்கையாகத் தரும் தெரிவு) என்பதற்கு ட்ரூ கொடுத்த பிகாமாவையும் கூட்டி மடக்கையாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியில் இறுதியில் வேண்டுவது பெரும்பாலும் ஒரு விகிதமாகவே இருக்கும். மடக்கைகளைக் கழித்த பிறகு கடைசியில் மட்டும் அடுக்கேற்றினால் போதும்.

பதில் 2:
லோயர்.டெயில் பற்றி மேலே சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஒன்றிலிருந்து கழித்தாலும் அதே விடைதானே என்று பலர் எழுதிவிடுகிறார்கள். நிரப்புப் பிழைச் சார்பை (எர்ஃப்சி, அதாவது 1-இலிருந்து பிழைச் சார்பைக் கழித்தது) எடுத்துக்கொள்வோம்: அடிப்படைத் தொகுப்பில் அதுவும் இல்லாததால், எக்ஸை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி இயல்நிலைப் பரவலின் நிகழ்தகவைத் தரும் பிநார்ம் மூலம் பெறுகிறோம். எக்ஸ் 6 ஆகும்போது மேல்வாலை நேரடியாகக் கேட்டு இரண்டால் பெருக்கினால், 2.15-ஐப் பத்தின் −17ஆம் அடுக்கால் பெருக்கிய சரியான மதிப்பு வருகிறது. கழித்தால், கீழ்வால் 1 என்றே முழுமையாக்கப்பட்டுவிடுவதால், வெறும் சுழியம் வருகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, 200-க்கான கணிப்பு இப்போது சரியாக வருகிறது. ஆனால் மாதிரியின் இன்னொரு உறுப்பில் வடிவப் பண்பளவை −0.5; பிகாமா அதற்கு எண் அல்ல என்றே சொல்கிறது.

பதில் 3:
பரவலுக்கு எதிர்மறை வடிவம் கிடையாது என்பதால் பிகாமா மறுப்பது முறையே. ஆனால் எக்ஸ் சுழியத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை தொகையீட்டுக்கு அந்தத் தடை இல்லை. பகுதித் தொகையிடலால் கிடைக்கும் மீள்தொடர்பைப் பயன்படுத்துங்கள்: 0.5-க்கான மேல் முழுமையற்ற காமாவிலிருந்து, எக்ஸின் −0.5ஆம் அடுக்கையும் ஈயின் −எக்ஸ் அடுக்கையும் பெருக்கிவரும் மதிப்பைக் கழித்து, −0.5-ஆல் வகுத்தால் விடை வரும். எக்ஸ் பெரிதாகும்போது கழிக்கப்படும் இரு மதிப்புகளும் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன. எக்ஸ் 30 எனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கே மிஞ்சும், அதாவது இரண்டு இலக்கத் துல்லியம் கரைந்துவிடும். ஒரு படிக்கு இது பொறுக்கக்கூடிய இழப்பு. −5.5 போன்ற மதிப்புக்கு இறங்கினால் ஒவ்வொரு படியிலும் இழப்பு சேரும் என்பதால், அங்கே ஜிஎஸ்எல் (குனு அறிவியல் நூலகத்தை ஆரில் தரும் கூடுதல் தொகுப்பு) தொகுப்பின் காமா_இன்க் சார்பையே பயன்படுத்துவேன். அது எதிர்மறைப் பண்பளவையையும் ஏற்கிறது.