தம்பி தலையில் ஏவிஎம்: ஆபரேஷனா, காத்திருக்கலாமா?

திற்பரப்பு அக்கா:
தம்பிக்கு 26 வயசு, ரப்பர் பால் வெட்டுகிறான். போன மாசம் விடியற்காலை நாலு மணிக்குத் தோட்டத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். கூட வெட்டுகிற அண்ணன் ஓடிவந்து பார்க்கும்போது நெற்றி லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, சிரட்டைப் பால் முழுக்க அவன் சட்டையில். ஆஞ்சியோ எடுத்ததில் இடது மூளையில், வலது கையை அசைக்கிற இடத்தை ஒட்டி ஏவிஎம். தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கிடக்கும் முடிச்சாம், 2.5 சென்டிமீட்டர். ரத்தம் இதுவரை கசியவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் எடுத்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் வலிப்பு மாத்திரையோடு பார்க்கலாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முட்டம் கடலோரம்:
காத்திருக்க வேண்டாம் அக்கா. எங்கள் சித்தப்பா மகன் தலைவலி என்று போனபோது ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன்கூட எடுக்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எட்டாம் நாள் வள்ளத்தில் வலை இழுக்கும்போது தலைக்குள் இருந்த இதே முடிச்சு வெடித்தது. இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வெடிக்க வாய்ப்பு என்கிறார்கள், 2 என்றே வைத்தாலும் 40 ஆண்டில் பாதிக்கு மேல் வருகிறது.

ஆசாரிபள்ளம் மாணவன்:
அண்ணே, உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் வெடித்த கேஸும் வெடிக்காத கேஸும் ஒன்றில்லை. வெடிக்காதவர்களை வைத்து நடந்த அரூபா ஆய்வு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 223 பேர், சராசரியாக 33 மாதம் கவனித்தார்கள். சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 30.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ மரணமோ வந்தது, மருந்து மட்டும் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 10.1 சதவீதம். நடமாடுகிற பையனைப் படுக்கையில் போட்டுவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

ஓய்வுபெற்ற தியேட்டர் சிஸ்டர்:
தம்பி, அதே ஆய்வை முழுசாகப் படி. சிகிச்சைப் பக்கத்தில் ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்கள் ஐந்தே பேர், மற்றவர்களுக்குக் கதிர்வீச்சு, குழாய் வழியாகப் பசை வைத்து அடைப்பது, இல்லாவிட்டால் கலந்து செய்தது. ஆபரேஷனின் ஆபத்து முதலிலேயே வந்துவிடும், வெடிக்கிற ஆபத்து ஆயுசு முழுக்க. 33 மாதத்தில் அதை எப்படி எடைபோடுவது?

மக்ளே, நீ கேட்க வேண்டியது கிரேடு, ஆபரேஷன் எவ்வளவு ஆபத்து என்று காட்டும் புள்ளிக் கணக்கு. 1986இல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற மூளை ஆபரேஷன் டாக்டர்கள் வகுத்தது: 3 செ.மீ.க்குக் கீழே என்றால் 1 புள்ளி (பெரிதானால் கூடும்), கை, பேச்சு போன்ற முக்கிய இடம் என்றால் இன்னொன்று, ஆழத்துச் சிரையில் வடிந்தால் இன்னொன்று. தம்பிக்கு மேல்பக்கமாக வடிகிறதென்றால் கிரேடு 2, அது கத்தி வைக்கக்கூடியது. 4, 5 என்றால் நானே தொடாதே என்பேன்.

நான் மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ரத்தம் கொண்டுவரும் தமனிகளை ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டு, வடிகிற பெரிய சிரையைக் கடைசியில்தான் வெட்டுவார்கள், முந்தினால் முடிச்சு வீங்கி வெடித்துவிடும். சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்த சிரை மெல்ல நீலமாக மாறும், அப்போதுதான் தியேட்டரில் மூச்சு விடுவோம். இப்போது இண்டோசயனின் கிரீன் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றினால் குழாய்கள் திரையில் ஒளிர்கின்றன, எடுத்த பிறகும் சிரை சீக்கிரமே ஒளிர்ந்தால் உள்ளே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஆஞ்சியோ எடுத்தும் சரிபார்ப்பார்கள்.

ஆசாரிபள்ளம் மாணவன்:
கிரேடு 2 என்றால் பேசலாம் சிஸ்டர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடம் கையை அசைக்கிற பகுதி. இந்த அளவு முடிச்சுக்கு மண்டையைத் திறக்காமல் கதிர்வீச்சு பாய்ச்சும் காமா நைஃப் இருக்கிறதே?

ஓய்வுபெற்ற தியேட்டர் சிஸ்டர்:
இருக்கிறது. ஆனால் முடிச்சு அடைபட்டுப்போக இரண்டு மூன்று வருஷம் ஆகும், எல்லாருக்கும் அடைபடுவதும் இல்லை, அதுவரை வெடிக்கிற ஆபத்து தலைக்குள்ளேயே இருக்கும்.

முட்டம் கடலோரம்:
அந்த இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆசாரிபள்ளம் மாணவன்:
கை தளர்ந்துபோனால் அவன் பிழைப்பு என்ன அண்ணே? முதலில் ஃபங்ஷனல் எம்ஆர்ஐ எடுத்து, கையை அசைக்கும் இடம் முடிச்சிலிருந்து எவ்வளவு தள்ளி என்று பார்க்கட்டும். அதற்கு முன்னால் தேதி குறிக்கக் கூடாது.

திற்பரப்பு அக்கா:
பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தான், வலது கையை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டே. திங்கட்கிழமை திருவனந்தபுரம் போகிறோம். சிஸ்டர், ஆஞ்சியோ பிலிம் கையில் இருக்கிறது, அது போதுமா?

ஓய்வுபெற்ற தியேட்டர் சிஸ்டர்:
போதாது மக்ளே. எடுத்த இடத்தில் ஆஞ்சியோ வீடியோ பதிந்த சிடி தட்டு கேட்டு வாங்கு, ரத்தம் ஓடுவது அதில்தான் தெரியும். அதுவரை தம்பியைத் தனியாக ரப்பர் வெட்ட அனுப்பாதே.