நாஸ் வாங்குவதா, சேர்வருக்குள்ளேயே டிஸ்க் போடுவதா?

பரந்தன்_பெடியன்:
அண்ணைமாருக்கு வணக்கம். கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலைக்கும் அதன் இரண்டு கடைகளுக்கும் கொம்பியூட்டர் வேலை பார்க்கிறேன். பழைய சேர்வர் இரண்டு இருக்கிறது, இரண்டிலும் புரொக்ஸ்மொக்ஸ் (ஒரே சேர்வருக்குள் பல வீஎம், அதாவது மென்பொருளாலான கணினிகளை, ஓட்டும் மென்பொருள்). கணக்கு, கையிருப்பு, கோப்புகள் என்று ஐந்து வீஎம் ஓடுகின்றன. ஒரு சேர்வர் விழுந்தால் மற்றது தானாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார் முதலாளி. நாலு டிஸ்க் நாஸ் (நெட்வேர்க்கில் கட்டும் டிஸ்க் பெட்டி) ஒன்று வாங்கி என்எஃப்எஸ் (கோப்புகளை நெட்வேர்க்கில் பகிரும் முறை) வழியாக இரண்டுக்கும் கொடுக்கலாமா? காசு மட்டுமட்டு.

வவுனியா_வயர்:
தாராளமாக வாங்குங்கள் தம்பி. டிஸ்க் எல்லாம் ஓரிடத்தில் இருந்தால், ஒரு சேர்வர் செத்தாலும் வீஎம் மற்றதில் எழும்பும். ஆனால் ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும்படி டிஸ்க்குகளைச் சேர்க்கும் ரெய்டு முறைகளில் ரெய்டு 5 வேண்டாம், ரெய்டு 10 போடுங்கள். சின்னதாக எதை எழுதினாலும் ரெய்டு 5 டிஸ்க்கை நாலு தரம் தொடும், ரெய்டு 10 இரண்டு தரம்தான். காலையில் ஐந்து வீஎம்மும் சேர்ந்து கேட்கும்போது வித்தியாசம் தெரியும்.

மாங்குளம்_சந்தி:
எனக்கு உடன்பாடில்லை. இரண்டு சேர்வரையும் ஒரே நாஸில் கட்டினால், அந்தப் பெட்டி போகிற நாளில் இரண்டும் சேர்ந்து போகும். அதன் பவர் சப்ளை எரிந்தால் கொழும்பிலிருந்து வரும்வரை ஆலையில் கையால் பில் எழுத வேண்டியதுதான். அந்தக் காசுக்கு இரண்டு சேர்வரிலும் நல்ல எஸ்எஸ்டி (சுழலாத டிஸ்க்) போட்டு, இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பிரதி அனுப்புங்கள். அந்த வசதி புரொக்ஸ்மொக்ஸிலேயே இருக்கிறது. வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும், 1 நிமிடமாகவும் குறைக்கலாம்.

வவுனியா_வயர்:
அந்த இடைவெளியில் போட்ட பில்? சேர்வர் விழுந்தால் அவை போனதுதானே. அறுவடை நேரத்தில் 15 நிமிடத்துக்குள் எத்தனை லோட் நெல் நிறுப்பார்கள் என்று ஆலைக்காரரிடம் கேளுங்கள்.

மாங்குளம்_சந்தி:
நாஸிலும் அந்த ஆபத்து இருக்கிறது அண்ணை. சின்ன நாஸ்கள் பலவற்றில் வேகத்துக்காக, டிஸ்க்கில் எழுதி முடிக்கும் முன்பே "எழுதியாச்சு" என்று பதில் போகும்படி விட்டிருப்பார்கள். அந்த நேரம் கரண்ட் போனால் டேட்டாபேஸே உடைந்துவிடும். பிரதியில் கொஞ்ச நேரத்துப் பில்தான் போகும், டேட்டாபேஸ் பெரும்பாலும் தானே சரிப்படுத்திக்கொண்டு எழும்பும். எழுதி முடித்த பிறகுதான் பதில் என்று மாற்றினால் சுழலும் டிஸ்க்கெல்லாம் ஊர்ந்துதான் போகும். அதைத் தீர்க்க, கரண்ட் போனாலும் எழுதி முடிக்கிற கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி வேண்டும். அதோடு உங்கள் மலிவுக் கணக்கு முடிந்தது. ஒரு கிகாபிட் வயரில் நொடிக்கு 110 எம்பி அளவில்தான் போகும், அதையும் ஐந்து வீஎம் பங்குபோட வேண்டும்.

முறிகண்டி:
நடுவில் ஒரு சொல். பெரிய மோட்டார் ஓடுகிற இடம், வோல்டேஜ் குதிக்கும். நாஸ் வாங்கினால் அதையும் சேர்வர்களையும் மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, இவற்றை இணைக்கும் நெட்வேர்க் சுவிட்சை மறக்காதீர்கள். சுவிட்ச் நின்றால் வீஎம்களுக்கு டிஸ்க் காணாமல் போகும், லினக்ஸ் வீஎம் கொஞ்ச நேரத்தில் எதையும் எழுதவிடாமல் பூட்டிக்கொள்ளும். நிறுத்தும்போது வீஎம் முதலில், நாஸ் கடைசியில்.

பரந்தன்_பெடியன்:
சுவிட்ச் சுவரில் நேராகச் செருகியிருக்கிறது அண்ணை! இன்றைக்கே மாற்றுகிறேன். அப்புறம், பிரதி முறையில் மற்ற சேர்வர் தானாக எழுப்புமா?

மாங்குளம்_சந்தி:
எழுப்பும், ஆனால் சேர்வருக்கு ஒரு வாக்குதான், மூன்றாவது வாக்கு வேண்டும். இரண்டில் ஒன்று போனால் மிச்சத்துக்குப் பெரும்பான்மை இல்லை, ஒன்றையும் தொடாது. நாஸ் வைத்தாலும் இதே கதைதான். மூலையில் கிடக்கிற பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டுக் கியூடிவைஸ் (வாக்கு மட்டும் போடும் கணினி) ஆக்குங்கள்.

வவுனியா_வயர்:
சரி, இரண்டே சேர்வர் என்றால் பிரதிக்கு விட்டுக்கொடுக்கிறேன். கணக்கு வீஎம்முக்கு மட்டும் 1 நிமிடம் வையுங்கள். மூன்றாவது சேர்வர் வந்தால் நான் திரும்பவும் நாஸ் கட்சிதான். ஆனால் பிரதியை பேக்கப் என்று நம்பாதீர்கள் தம்பி. யாராவது ஒரு கோப்பை அழித்தால், அடுத்த முறை ஓடும்போது அந்த அழிப்பும் மற்றதுக்குப் போய்விடும்.

பரந்தன்_பெடியன்:
பேக்கப்புக்குத் தனி டிஸ்க் ஒன்று கேட்டிருக்கிறேன் அண்ணை. அது முதலாளி வீட்டில்தான் இருக்கும்.