புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால் வலியும் மறதியும்

அம்மாவுக்கு (68 வயது, சர்க்கரை உண்டு) முழங்கால் வலி, கூடவே மறதி, வலி மாத்திரையைக் கூட்டாமல் என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முழங்காலுக்குக் கைகொடுத்தது, தொடைத் தசையைப் பலப்படுத்தச் சொன்னவரின் யோசனைதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மடக்கி, பத்து எண்ணும்வரை பிடித்திருந்து மெதுவாக இறக்குவது. அப்புறம் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை, அம்மா அலுத்துக்கொண்டேதான் செய்தார், இப்போது கைப்பிடியைப் பிடித்தபடி தானே மாடி ஏறிவிடுகிறார். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது, தசை பலமானால் மூட்டுக்குச் சுமை குறையும், அவ்வளவுதான். கொல்லிமலை முடவாட்டுக்கால் (பாறையில் வளரும் ஒரு கிழங்கு) சூப்பும் வைத்துப் பார்த்தோம். ருசி பிரமாதம், வலியில் வித்தியாசம் இல்லை.

எதிர்பாராதது மறதி விஷயம். வல்லாரைத் துவையலை நம்பியிருந்தோம். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார், பார்த்தால் ரொம்பக் குறைவு. சர்க்கரைக்கு அம்மா எடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு உடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையலாம் என்றார் டாக்டர், அம்மா சுத்த சைவம் வேறு, அதனால் சாப்பாட்டிலும் பி12 குறைவு. ஊசி போட்ட பிறகு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது அபூர்வமாகிவிட்டது. பாதத்தில் இருந்த மதமதப்பும் குறைந்திருக்கிறது. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, அது அப்படியே தொடர்கிறது. ஊசி முடிந்து இப்போது பி12 மாத்திரை, அடுத்த மாதம் மறுபடி ரத்தப் பரிசோதனை.